கேபிளிலிருந்து வைஃபைக்கு: வீட்டுப் பிரிண்டரின் இணைப்பை மாற்றும்போது கணினியில் நடப்பது என்ன?

கேட்கப்பட்ட கேள்வியின் சாரம் இது. மதுரை திருநகரில் ஒரு வீடு. கீழ்த்தளத்தில் விண்டோஸ் 11 உள்ள மேசைக் கணினி. அதனுடன் எப்சன் எல்3250 பிரிண்டர் யூஎஸ்பி கேபிள் வழியாக நெடுநாள் ஒழுங்காக வேலை செய்துவந்தது. மாடியில் கல்லூரி மாணவியான மகளிடம் ஒரு மடிக்கணினி இருப்பதாலும், வீட்டில் எல்லோருக்கும் கைபேசியிலிருந்தே அச்செடுக்க வேண்டியிருப்பதாலும், பிரிண்டரை வைஃபைக்கு மாற்றினார்கள். கைபேசியிலிருந்து அச்சாகிறது. கீழேயுள்ள கணினியோ கேபிளைக் கழற்றிய நாளிலிருந்து 'ஆஃப்லைன்' என்கிறது. மாடியில் உள்ள மடிக்கணினியிலிருந்து சில நாள் அச்சாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மின்தடை முடிந்து மின்சாரம் வந்ததிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. கடையில் விசாரித்தபோது பிரிண்டரின் வைஃபை பழுதாகியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். கைபேசியிலிருந்து அச்சாகிறது என்பதே பிரிண்டரின் வைஃபை நன்றாக இருக்கிறது என்பதற்குப் போதுமான சான்று. இங்கே இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒரே நேரத்தில் வந்து ஒன்றுபோலத் தோன்றுகின்றன. கீழேயுள்ள கணினி இன்னமும் கழற்றிய கேபிளின் வழியாகவே அச்சு வேலையை அனுப்பப் பார்க்கிறது. மாடி மடிக்கணினி வைஃபை வழியாகத்தான் அனுப்புகிறது. ஆனால் மின்தடைக்குப் பிறகு பிரிண்டரின் முகவரி, அதாவது வீட்டு வலையில் ரவுட்டர் அதற்குத் தரும் எண், மாறியிருக்க வேண்டும். இரண்டையும் சரிசெய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரியாமல் டிரைவரை நீக்குவதும் மறுபடி நிறுவுவதுமாக இருந்தால் ஒரு நாள் முழுவதும் போனாலும் தீராது. அதனால் முதலில் காரணத்தை விளக்குகிறேன்.

விண்டோஸில் நாம் பிரிண்டர் என்று பார்க்கும் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் இரண்டு உறுப்புகள் உள்ளன. ஒன்று டிரைவர்: நம் ஆவணத்தை அந்த மாடலுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது இதன் வேலை. மற்றொன்று போர்ட்: மாற்றிய அந்தத் தரவை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை மட்டும் சொல்வது. யூஎஸ்பி கேபிளைச் செருகிய நேரத்தில் விண்டோஸ் யூஎஸ்பி001 என்பதுபோல ஒரு போர்ட்டைத் தானே உருவாக்கி, அந்தப் பெயரோடு கட்டிவிடுகிறது. பிறகு நாம் கேபிளைக் கழற்றினாலும், பிரிண்டரை வைஃபையில் சேர்த்தாலும், இந்தக் கட்டு தானாக அவிழ்வதில்லை. பிரிண்டருக்குப் புதிய வழி கிடைத்துவிட்டது என்பது கணினிக்குத் தெரியாது. அது யூஎஸ்பி001-ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். மதுரையிலிருந்து தேனிக்குப் போக வேண்டியவர் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் போகாமல் மாட்டுத்தாவணியில் நின்றால், வண்டியிலும் குறையில்லை, பயணியிலும் குறையில்லை, ஆனாலும் ஊர் போய்ச் சேர முடியாது, நடந்திருப்பது அதுதான்.

இது வைஃபைக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. கீழமாசி வீதி போன்ற இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் பலர் வீட்டில் உட்கார்ந்து கணக்கு முடிக்க டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இன்றும் வைத்திருக்கிறார்கள். பழைய கணினியில் அகலமான பேரலல் கேபிளில் ஓடியது, புதிய கணினியில் அந்தத் துளையே இல்லாததால் யூஎஸ்பி மாற்றுக் கேபிள் வாங்கிச் செருகினால் அசையாது. காரணம் இதேதான்: பிரிண்டரின் பெயர் எல்பிடி1 என்ற பழைய போர்ட்டோடு கட்டப்பட்டிருக்கும், அதை யூஎஸ்பி001 என்று மாற்றினால் ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு படி உண்டு. அந்த மென்பொருள் விண்டோஸைக் கேட்காமல் நேரே எல்பிடி1-க்கு அனுப்புவதால், பிரிண்டரைப் பகிர்வில் வைத்து, எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுப் பெயருக்குத் திருப்பிவிடும் நெட் யூஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும்.

இனி திருநகர் வீட்டுக்கு வருவோம். வேலையின் வரிசை முக்கியம்: முதலில் பிரிண்டர், அடுத்து ரவுட்டர், கடைசியில்தான் கணினி. பெரும்பாலோர் கணினியிலிருந்து தொடங்குகிறார்கள். பிரிண்டர் எந்த முகவரியில் நிற்கிறது என்பதே உறுதியாகாதபோது கணினியில் செய்யும் எந்த அமைப்பும் நிலைக்காது.

பிரிண்டர் வைஃபையில் உண்மையாகவே சேர்ந்திருக்கிறதா என்பதை விளக்கைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். எல்3250-இல் நெட்வொர்க் நிலையை அச்சிடுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதை ஒருமுறை அழுத்தினால் இணைப்புச் சோதனை அறிக்கை வரும். சில நொடி அழுத்திப் பிடித்தால் இன்னும் விரிவான நெட்வொர்க் தாள் வரும். பிற நிறுவனங்களின் வைஃபை பிரிண்டர்களிலும் இதுபோன்ற தாளை அச்சிட ஏதாவது ஒரு வழி இருக்கும். அந்தத் தாள் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் பலர் படிக்காமல் கசக்கிப் போடுகிறார்கள். இந்த வேலை முழுவதற்கும் கையில் இருக்க வேண்டிய தாள் அதுதான். அதில் மூன்றைத் தேடுங்கள். எஸ்எஸ்ஐடி என்ற இடத்தில் உங்கள் வீட்டு வைஃபையின் பெயர் இருக்க வேண்டும். ஐபி அட்ரஸ் என்ற இடத்தில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் இருக்க வேண்டும். மேக் அட்ரஸ் என்ற இடத்தில் இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு எழுத்தெண்கள் இருக்கும். இது பிரிண்டரோடு பிறந்த அடையாளம், என்றும் மாறாது. ஐபி அட்ரஸ் 169.254 என்று தொடங்கினால், பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காததால் அது தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த நிலையில் கணினிப் பக்கம் போவதில் பயனில்லை.

இணைப்பு அறிக்கையில் பிழைக் குறியீடு இருந்தால் அதையும் விடாதீர்கள். எப்சன் அறிக்கையில் ஈ-5 என்று வந்தால், ரவுட்டரின் பாதுகாப்பு முறை பிரிண்டருக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். அண்மையில் வரும் ஃபைபர் ரவுட்டர்களில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையை மட்டும் தேர்ந்து வைத்திருந்தால் அது தெரியாத பழைய பிரிண்டர்களால் சேர முடியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2-வும் டபிள்யூபிஏ3-யும் கலந்த முறையைத் தேர்ந்தால் சிக்கல் தீரும். பாதுகாப்பையே எடுத்துவிட்டுத் திறந்த வைஃபையாக வைக்கச் சொல்லும் யோசனையை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

வைஃபை அலைவரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்3250 உட்பட வீட்டுப் பயன்பாட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டையும் தனித்தனிப் பெயரில் தந்தால், 5 என்று முடியும் பெயர் பிரிண்டரின் பட்டியலில் தென்படவே தென்படாது. அதைப் பார்த்துப் பிரிண்டர் பழுது என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். கணினியும் கைபேசியும் 5-இல் இருந்து, பிரிண்டர் 2.4-இல் இருந்தாலும் கவலையில்லை. இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே உள்வலையாக இருப்பதால் ஒன்றையொன்று பார்க்கும். விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்தால் மட்டும் பார்க்காது, ஏனென்றால் அந்த வலையில் உள்ள கருவிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதே அதன் நோக்கம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில், அமைக்கும் நேரத்தில் கைபேசி 5-இல் நிற்பதால், பிரிண்டரைச் சேர்க்கும் கைபேசிச் செயலி திணறுவதுண்டு. அப்போது ரவுட்டரில் 5-ஐச் சிறிது நேரம் அணைத்துவிட்டு, பிரிண்டரைச் சேர்த்தபின் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு, பாஸ்வேர்டு தட்டாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் எளிய வழி. ரவுட்டரில் அதை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் அழுத்திப் பிடித்துவிட வேண்டும், தாமதித்தால் வாசல் மூடிவிடும்.

நம் பக்கத்து வீடுகளில் ரவுட்டரை ஃபைபர் கம்பி உள்ளே வரும் இடத்திலேயே, பெரும்பாலும் முன்னறையின் மூலையில், சில வீடுகளில் இரும்பு பீரோவின் மேலேயே வைத்துவிடுகிறார்கள். இரும்பு பீரோவும் கம்பி போட்ட கான்கிரீட் தளமும் அலையைத் தடுப்பவை. பிரிண்டர் ரவுட்டர் உள்ள தளத்திலேயே இருப்பது நல்லது. மாடியில் உள்ளவர்கள் இறங்கி வந்து தாளை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரவுட்டர். மாடி மடிக்கணினியின் சிக்கலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாகத்தான் தருகிறது. யார் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற குறிப்பை, அணைந்து எழுந்ததும் மறந்துவிடும் ரவுட்டர்கள் பல. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் நெடுநேரம் மின்சாரம் நிறுத்தப்படும் நாளை எண்ணிப் பாருங்கள். மாலையில் மின்சாரம் வந்ததும் ரவுட்டர் எழுகிறது. கைபேசிகள், தொலைக்காட்சி, மடிக்கணினி எல்லாம் முந்திக்கொண்டு முகவரி வாங்கிவிடுகின்றன. பிரிண்டரை மறுநாள் யாரோ ஒருவர் இயக்கும்போது அதன் பழைய முகவரி வேறொரு கருவியிடம் இருக்கிறது. நேற்று 192.168.1.5-இல் இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.9-க்குப் போய்விட்டது, மடிக்கணினியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கைபேசியில் இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், அதில் உள்ள செயலி பிரிண்டரை முகவரியை நம்பி நினைவில் வைக்காமல் வலையில் தேடிக் கண்டுபிடிப்பதுதான்.

இதற்குத் தீர்வு, பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைப்பது. உலாவியில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் அதன் நிர்வாகப் பக்கம் திறக்கும். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1, ஜியோ ஃபைபர் ரவுட்டர்களில் 192.168.29.1. நுழைவுப் பெயரும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். உள்ளே, முகவரிகளைப் பகிர்ந்து தரும் டிஎச்சிபி என்ற பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் லீஸ்' என்பதுபோல ஒரு வசதியைத் தேடி, நெட்வொர்க் தாளில் உள்ள மேக் அட்ரஸையும் நீங்கள் விரும்பும் ஓர் எண்ணையும் சேர்த்துச் சேமித்தால் போதும். பிறகு பிரிண்டரை ஒருமுறை அணைத்து இயக்கி, தாளை மறுபடி அச்சிட்டு, ஒதுக்கிய எண்ணே வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைய நிறுவனம் தந்த சில ரவுட்டர்களில் இந்த வசதி மறைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் பிரிண்டரின் பக்கத்திலிருந்து நிலையான முகவரி கொடுக்கலாம். பிரிண்டரின் தற்போதைய எண்ணை உலாவியில் தட்டினால் அதற்கும் ஒரு அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே கொடுக்கும் எண், ரவுட்டர் மற்றவர்களுக்குப் பகிர்ந்து தரும் வரம்புக்கு வெளியே இருக்க வேண்டும். முகவரியின் கடைசி எண்ணாக ரவுட்டர் 2 முதல் 100 வரை தருகிறது என்றால் பிரிண்டருக்கு 150 கொடுப்பது பாதுகாப்பு. வரம்புக்குள்ளேயே கொடுத்தால் ஒரு நாள் இரண்டு கருவிகள் ஒரே முகவரிக்குச் சண்டையிடும். இரண்டு வழிகளும் இருக்குமானால் ரவுட்டரில் ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன். ரவுட்டரை மாற்றும் நாளில் பிரிண்டரில் உள்ள முகவரி அமைப்பைத் தொட வேண்டியிருக்காது.

இப்போது கணினிக்கு வரலாம். செட்டிங்ஸில் 'ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' என்று சென்றால் பிரிண்டரின் பெயர் தெரியும். அதைத் திறந்து 'பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ்', அதில் 'போர்ட்ஸ்' என்ற தாவலைச் சொடுக்குங்கள். டிக் அடித்திருக்கும் வரி யூஎஸ்பி001 அல்லது யூஎஸ்பி002 என்று இருந்தால், நோய் கண்ணெதிரே தெரிந்துவிட்டது. அதே இடத்தில் 'ஆட் போர்ட்' என்பதை அழுத்தி, 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' என்பதைத் தேர்ந்து, பிரிண்டருக்கு ஒதுக்கிய எண்ணைத் தட்டினால் புதிய போர்ட் உருவாகி டிக் அங்கே மாறும். டிரைவரை நீக்கவும் வேண்டாம், மறுபடி இறக்கவும் வேண்டாம். தாளின் அளவு, அச்சுத் தரம் என்று நீங்கள் பழக்கி வைத்திருந்த அமைப்புகளும் அப்படியே இருக்கும். நிறுவல் கோப்பை மீண்டும் ஓட்டுவதைவிட இதை நான் விரும்புவதற்கு அதுவே காரணம்.

ஆனால் இந்த வழியில் ஒரு குறை உண்டு. பிரிண்டர் நிறுவனத்தின் சொந்த நிறுவல் மென்பொருள் வைஃபைக்காகத் தனக்கே உரிய ஒரு போர்ட் வகையை அமைக்கிறது. எப்சனில் அதற்கு எப்சன்நெட் பிரிண்ட் போர்ட் என்று பெயர். விண்டோஸின் பொதுவான போர்ட்டில் அச்சு நன்றாக வரும், ஆனால் மை எச்சரிக்கை போன்ற தகவல் கணினிக்கு வராமல் போகலாம். தொட்டியில் மை எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துவிடக்கூடிய எல்3250-இல் இது பெரிய இழப்பில்லை. கார்ட்ரிட்ஜ் வகைப் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் நிறுவல் மென்பொருளையே ஓட்டி, வைஃபை என்று தேர்ந்து நிறுவிக்கொள்வது மேல். அப்படி நிறுவும்போது புதிய பெயர் ஒன்று, பெரும்பாலும் பழைய பெயரோடு 'காப்பி 1' என்ற ஒட்டுடன், பட்டியலில் சேரும். பழைய பெயரை அப்போதே நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் வேர்டு ஒன்றைத் தேரும், உலாவி மற்றொன்றைத் தேரும். பாதி நேரம் அச்சாகும், பாதி நேரம் ஆகாது.

விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் பிரிண்டர்கள் பல நேரம் டபிள்யூஎஸ்டி என்று தொடங்கும் போர்ட்டில் வந்து உட்காரும். முகவரியை நம்பாமல் வலையில் கூப்பிட்டுப் பார்த்துத் தொடர்புகொள்ளும் முறை அது. சேர்ப்பதற்கு எளிது, ஆனால் பிரிண்டர் உறக்க நிலைக்குப் போய்விட்டு வந்தாலோ, கணினி உறங்கி எழுந்தாலோ, அந்தக் கூப்பிடுதலுக்குப் பதில் வராமல் ஆஃப்லைன் என்று காட்டும் தொல்லை இந்த வகையில்தான் அதிகம். முகவரியை ஏற்கெனவே ஒதுக்கிவிட்டதால், மாடி மடிக்கணினியிலும் டிசிபி/ஐபி போர்ட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசிபி/ஐபி போர்ட்டிலும் ஒரு பொடி வேலை இருக்கிறது. அச்சு சரியாக வந்துகொண்டிருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால், போர்ட்ஸ் தாவலில் 'கான்ஃபிகர் போர்ட்' என்பதைத் திறந்து, 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அந்த வழியில் பிரிண்டரின் நிலையைக் கேட்கிறது. பல வீட்டுப் பிரிண்டர்கள் அதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. பதில் வராததால் விண்டோஸ் பிரிண்டர் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது.

ரவுட்டரை மாற்றியவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். புதிய வைஃபை பெயரில் சேரும்போது விண்டோஸ் அதைப் பொது இட வலை என்று எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கருவிகளைத் தேடுவதை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பண்புகளைத் திறந்து 'பப்ளிக்' என்பதை 'பிரைவேட்' என்று மாற்றினால் தேடல் மறுபடி வேலை செய்யும். அதேபோல, 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்ற விசையை அணைத்துவிட்டு, நீங்களே ஒரு பிரிண்டரை இயல்பானதாகத் தேர்ந்துவிடுங்கள். அந்த விசை இயங்கினால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரை விண்டோஸ் இயல்பானதாக்கும். ஒருமுறை பிடிஎஃப் ஆகச் சேமித்தால் அடுத்த முறை வில்லங்கச் சான்றை அச்சிடக் கொடுக்கும்போது அதுவும் பிடிஎஃப் ஆகப் போய் நிற்கும்.

ஆஃப்லைனில் இருந்த நாட்களில் கொடுத்த அச்சு வேலைகள் வரிசையில் தேங்கியிருக்கும். அவற்றை நீக்கச் சொன்னாலும் 'டெலீட்டிங்' என்று மணிக்கணக்கில் நிற்பதுண்டு. விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையில் உள்ள கோப்புகளை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடங்கினால் வரிசை சுத்தமாகிவிடும். இதைச் செய்யாமல் போர்ட்டை மாற்றினால், ஒரு வாரமாகத் தேங்கிய தாள்களெல்லாம் அடுத்தடுத்து வந்து விழும்; மை தொட்டியின் விலை தெரிந்தவர்களுக்கு அது வலிக்கும்.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். வீட்டில் ஒரே ஒரு கணினி, பிரிண்டரும் அதன் பக்கத்திலேயே என்றால், கேபிளிலேயே இருங்கள். அதற்கு முகவரியும் வேண்டாம், ரவுட்டரும் வேண்டாம், இணையம் இல்லாத நாளிலும் ஓடும். பிரிண்டரை அதே அறையில் சற்றுத் தள்ளி வைப்பது மட்டுமே தேவை என்றால், நீளமான கேபிள் போதும், யூஎஸ்பி 2.0 கேபிளின் வரம்பு 5 மீட்டர், அதற்கு மேல் சாதாரணக் கேபிளை நீட்டினால் இணைப்பு விட்டுவிட்டு வரும்.

மற்றொன்று, வைஃபையே இல்லாத பிரிண்டர்களைப் பற்றியது. எச்பி லேசர்ஜெட் 1020 பிளஸ், கேனான் எல்பிபி2900, எப்சன் எல்3110, கேனான் ஜி2010 ஆகியவை யூஎஸ்பி மட்டுமே உள்ளவை. நம் ஊர் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இவை ஏராளம், நன்றாக உழைப்பவையும்கூட. வைஃபைக்காக இவற்றைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கேபிள் செருகிய கணினியிலிருந்து பிரிண்டரைப் பகிர்ந்து, மற்றக் கணினிகளை அதனோடு சேர்க்கலாம். முதல் கணினி இயங்கும்போது மட்டுமே மற்றவை அச்சிடும் என்பதுதான் கட்டுப்பாடு. 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப் பகிரும்போது 11பி என்று முடியும் பிழை எண் வரத் தொடங்கியது. விண்டோஸின் உள்ளமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தும் மாற்றத்தைச் சொல்லித்தருபவர்கள் உண்டு. அதற்கு முன் இரண்டு கணினிகளிலும் எல்லாத் திருத்தங்களையும் நிறுவிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். ரவுட்டரின் பின்னால் உள்ள யூஎஸ்பி துளையில் பிரிண்டரைச் செருகும் வழியும் உண்டு, ஆனால் எச்பி 1020 அதற்கு ஏற்றதில்லை. அந்தப் பிரிண்டர் தன்னை இயக்கும் மென்பொருளைத் தனக்குள் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் கணினியிடமிருந்துதான் அதைப் பெற்றுக்கொள்கிறது. ரவுட்டருக்கு அதை ஊட்டத் தெரியாது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் லினக்ஸும், அதில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளும் வைத்தால் அந்த வேலையையும் செய்ய வைக்கலாம், ஆனால் அது பொறுமையும் பழக்கமும் உள்ளவர்களுக்கான வழி.

மாடியை வாடகைக்கு விட்டு வைஃபை பாஸ்வேர்டையும் பகிர்ந்திருப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிண்டர் வைஃபைக்கு வந்துவிட்டால் அந்த வலையில் உள்ள எல்லோருக்கும் அது தென்படும். ஸ்கேனர் கண்ணாடியின் மேல் மறந்து விட்டுவிட்ட பத்திரத்தை மாடியிலிருந்தே ஸ்கேன் செய்துவிடவும் முடியும். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கெஸ்ட் வைஃபையைக் கொடுங்கள். பிரிண்டரின் அமைப்புப் பக்கத்துக்கு உரிய நிர்வாகி பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஸ்கேனர். அச்சுக்கான போர்ட்டை மாற்றினால் ஸ்கேனும் கூடவே மாறிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள், மாறாது. ஸ்கேனுக்குத் தனி டிரைவர், தனி இணைப்பு. எப்சனில் 'எப்சன் ஸ்கேன் 2 யூட்டிலிட்டி' என்ற சிறு மென்பொருளைத் திறந்து, ஸ்கேனர் பட்டியலில் 'செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்து, 'எனேபிள் எடிட்டிங்' என்பதை அழுத்தினால்தான் மாற்றம் செய்ய அனுமதி கிடைக்கும். அதன் பிறகு 'ஆட்' என்பதை அழுத்தி, ரவுட்டரில் ஒதுக்கிய அதே எண்ணைக் கொடுத்து, புதிய பெயரைச் சேமித்து, பட்டியலில் அதையே தேர்ந்துகொள்ளுங்கள். இந்த வேலையைக் கீழேயுள்ள கணினியிலும் மாடி மடிக்கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கைபேசியில் எப்சன் ஸ்மார்ட் பேனல் செயலி அச்சையும் ஸ்கேனையும் ஒன்றாகவே பார்த்துக்கொள்வதால் அங்கே எதையும் தொட வேண்டியதில்லை.